நிமலன் என்று தேடினால்

தொலைபேசியில் பேசும்போதும் தலையாட்டுகிறவர் அவர். மறுமுனையில் இருப்பவருக்கு அது தெரியப்போவதில்லை என்று அவர் மனைவி எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தார். "ஓம், ஓம்" என்று ஆமாம் போட்டு அதற்கும் தலையாட்டினார். கொலோனில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் அவருக்கு வேலை. வட ஜெர்மனியிலிருந்து வந்த பாட்டி ஒருத்தி உருளைக்கிழங்கு சாலட்டில் மயோனேஸ் கேட்பாள். தெற்கத்திப் பாட்டி வினிகர்தான் என்பாள். இரண்டு பேரிடமும் தனித்தனியாகப் போய், நீங்கள் சொல்வதுதான் சாலட், மற்றதை மனுஷன் சாப்பிடுவானா என்று சொல்லிவிட்டு வருவார். இரண்டு பேருமே அவருக்குக் காலுறை பின்னிக் கொடுத்தார்கள்.

"ஷோனெஃபெல்ட் எயார்போட்டில வந்து இறங்கின நாள் தொடக்கம் யா, யா எண்டு சொல்லித்தானே பிள்ளை இவ்வளவு தூரம் வந்தனான்" என்பார். "பிறந்த திகதிக்குப் பத்திரம் இல்லையெண்டு சனவரி ஒண்டு போட்டாங்கள், ஓமெண்டனான். அப்பாவின்ர பேரைக் குடும்பப் பேராக்கினாங்கள், அதுக்கும் ஓமெண்டனான். கேக்கிற மாதிரிக் குடுத்திட்டா ஒரு கரைச்சலும் இல்லை."

அவருடைய உண்மையான பிறந்தநாள் ஆவணியில் வரும். அதை நினைவு வைத்துப் பாயசம் காய்ச்சுகிற ஒரே ஆள் அவர் மனைவி. அவரை நான் அக்கா என்றும் இவரை அண்ணா என்றும் கூப்பிட்டேன். யாழ்ப்பாணத்தார் மாதிரி அண்ணை என்று கூப்பிட எனக்கு நாக்கு வளையவில்லை. அதற்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

நான் மதுரைக்காரி. கணவருக்கும் எனக்கும் கொலோனில் மென்பொருள் வேலை. இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த சில வருஷங்களைத்தான் சொல்கிறேன். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு இணையத்தில் பெயர் தேடித் தேடி அலுத்துப்போயிருந்தேன். எல்லாத் தளங்களும் ஒரே மாதிரி இருந்தன. பெயர், பக்கத்தில் பொருள், அவ்வளவுதான். ஒருநாள் பவளம் என்று அடித்துப் பார்த்தபோது, முதலாவதாக ஒரு பக்கம் வந்தது. அதில் பொருளே இல்லை. இப்படி எழுதியிருந்தது:

"பவளம் யாழ்ப்பாணத்தில் தந்திக் கந்தோரில் வேலை செய்தவ. கெட்ட செய்தி வந்தால் தந்தியைத் தானே கொண்டுபோவா. கையில் குடுக்க முதல், வீட்டில எல்லாரும் சாப்பிட்டாச்சோ எண்டு கேப்பா. சாப்பிடேல்லை எண்டால், அவையள் சாப்பிட்டு முடியுமட்டும் வாசலில் நிண்டு மழையைப் பற்றிக் கதைப்பா."

அலுவலக மேசையில் உட்கார்ந்து அழுதேன். அந்த மாதங்களில் நீ எதற்குத்தான் அழவில்லை என்று கணவர் கேலி பண்ணினார். பண்ணட்டும். பெயர் இதுதான் என்று முடிவாகிவிட்டது. தளத்தின் அடியில் ஒரு தொலைபேசி எண் இருந்தது. கூப்பிட்டால் இவர் எடுத்தார். தலையாட்டியிருப்பார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

பிள்ளை பிறந்ததும் பெயரைப் பதியப் போனோம். இது பெண்பிள்ளைக்கு வைக்கிற பெயர்தான் என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்றாள் அந்த அலுவலகத்துப் பெண். எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அடுத்த தெர்மினுக்கு, அவர்கள் குறித்துக்கொடுத்த நாளுக்கு, இவர் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். தந்திக் கந்தோர் பவளத்தைப் பற்றித் தான் எழுதியதை ஜெர்மனில் மொழிபெயர்த்து, தாளில் அச்செடுத்து நீட்டினார். அந்தப் பெண் அதை இரண்டாம் தரம் படித்தாள். பிறகு முத்திரை குத்தினாள். என் மகளுக்கு ஜெர்மனியில் பெயர் வாங்கிக்கொடுத்தது அந்த மனுஷன்தான். அதை நான் எந்த நாளும் மறக்கமாட்டேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீட்டுக்குப் போவது பழக்கமாகிவிட்டது. தளம் எப்படித் தொடங்கியது என்று ஒருநாள் அக்காவிடம் கேட்டேன்.

"எங்களுக்குப் பிள்ளையள் இல்லை. வைக்க எண்டு யோசிச்ச பேரெல்லாம் மிச்சமாக் கிடந்தது" என்றார் சிரித்துக்கொண்டே. "இஞ்சை பிறக்கிற பிள்ளையளுக்காவது உதவட்டும் எண்டு இவரிட்டைச் சொன்னனான். ஆனா பொருள் எழுத வேண்டாம், பொருளை அகராதியில பாக்கலாம். அந்தப் பேரில இருந்த ஒரு ஆளை எழுதுங்கோ எண்டனான்."

அந்த யோசனை அக்காவுடையது. உழைப்பு இவருடையது. ஜெர்மனி முழுவதும் தமிழர்கள் அவரைக் கூப்பிட்டுத் தங்களுக்குத் தெரிந்த ஒரு ஆளைப் பற்றிச் சொல்வார்கள். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, அவர்கள் சொல்லச் சொல்ல நேராகக் கணினியிலேயே அடிப்பார். சொன்னவர்களில் பலர் வேறு யாரிடமும் அதையெல்லாம் பேசியிருக்கமாட்டார்கள். முகம் தெரியாத, எதற்கும் ஓம் ஓம் என்கிற ஒரு குரலிடம் மனசு திறந்துவிடும் போலிருக்கிறது. எழுதப்பட்டவர்களில் பாதிப்பேர் போரில் போனவர்கள்.

ஆரம்பத்தில் அந்தத் தளத்தை ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லையாம். எல்லாவற்றையும் பாமினி எழுத்துருவில் அடித்திருந்தார். நம் கண்ணுக்கு அது தமிழ். தேடுபொறிக்கு அது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. இதை யாரோ சொன்னதும், ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து அத்தனை பக்கங்களையும் யூனிகோடுக்கு மாற்றி, எழுத்துப் பிழை பார்த்து ஏற்றினார். பிறகுதான் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நானும் அப்படி வந்தவள்தான்.

அந்த ருசி அவரைப் பிடித்துக்கொண்டது. முதலாவதாக வரவேண்டும். வந்தால்தானே நாலு பேருக்குப் பயன் என்பது அவர் நியாயம். ஒரு சமயம் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில், கண்ணுக்குத் தெரியாமல், யாழ்ப்பாணம், டோர்ட்முண்ட், டொரன்டோ, லண்டன், குழந்தைப் பெயர் என்று ஊரையும் சொல்லையும் கொட்டிவைத்திருந்தார். யாரோ சொல்லிக்கொடுத்த வித்தை. கொஞ்ச நாள் பலித்தது. பிறகு ஒரு வாரத்தில் தளம் தேடலிலிருந்தே காணாமல் போயிற்று.

"அண்ணா, மறைச்சு எழுதுறதை இப்பல்லாம் அது கண்டுபிடிச்சிடுது. முதல்ல அதை எடுங்க" என்றேன்.

"ஓம் பிள்ளை, எடுக்கிறன்."

மறுநாள் காலையில் எடுத்தாயிற்று. என் அலுவலகத்தில் இதே காரியத்துக்கு மூன்று கூட்டம் போட்டுப் பேசியிருப்பார்கள். மாறு என்றால் மாறிவிடுகிற அந்தக் குணம் எனக்கு அப்போது ரொம்பப் பிடித்திருந்தது. தளமும் மெல்ல மெல்லப் பழைய இடத்துக்குத் திரும்பியது.

பிறகு இன்னொரு மாற்றம் வந்தது. தேடுபொறி பக்கங்களை வரிசைப்படுத்துகிற முறையை மாற்றியது. எந்தச் சொல்லைத் தேடினார்களோ அதற்கு நேரடியாகப் பதில் சொல்கிற பக்கங்கள் மேலே ஏறின. இவருடைய பக்கங்கள் இறங்கின. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது மனிதர் கணினி முன்னால் வாடிப்போய் உட்கார்ந்திருந்தார்.

"சனம் பொருள் தேடினம் பிள்ளை. அதிர்ஷ்ட எண் தேடினம். நாங்கள் ஆளைக் குடுக்கிறம்" என்றார். "கேக்கிறதைக் குடுக்கோணும்."

"அப்ப பொருளுக்குன்னு புதுசாப் பக்கம் போடுங்களேன். பழசு அப்படியே இருக்கட்டும்."

அதையும் அவர் யோசித்திருந்தார். பழைய முகவரிகளுக்குத்தான் மதிப்பு. வேறு தளங்கள் அவற்றுக்குத்தான் இணைப்புக் கொடுத்திருக்கின்றன. புதுப்பக்கம் என்றால் மறுபடி அடியிலிருந்து ஏறவேண்டும். அதனால் அதே முகவரியில், உள்ளே இருப்பதை மட்டும் மாற்றப்போகிறார். சொன்னது சரிதான். தொழில்முறையாகப் பார்த்தால் அதில் ஒரு பிழையும் சொல்ல முடியாது.

"சரி, மாத்துறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் காப்பி எடுத்து வச்சுக்கோங்க" என்றேன்.

"ஓம் பிள்ளை, வைக்கிறன்."

அக்கா தேத்தண்ணியோடு வந்தவர் நின்றார். "அப்ப அந்தச் சனத்தை என்ன செய்யப்போறீங்கள்?"

"எல்லாம் பத்திரமா வைப்பன். நீர் பயப்படாதையும்."

அந்த இரண்டு வாக்கையும் நாங்கள் இரண்டு பேரும் நம்பினோம். அவர் பொய் சொல்லவில்லை. சொல்கிறபோது வைக்கவேண்டும் என்றுதான் நினைத்திருப்பார். சனி ஞாயிறு எல்லாவற்றையும் ஒன்றாக நகலெடுக்கலாம் என்று இருந்திருக்கிறார். சமையலறையில் ஒருத்தி சுகவீனம் என்று போனதால் அந்த வார இறுதி வேலைக்குப் போகவேண்டி வந்தது. அதற்குள் கை பரபரத்தது. வேலை முடிந்து வந்து தினம் நாலைந்து பெயர்களாக மாற்றிக்கொண்டே போனார். பழையது இருந்த இடத்திலேயே புதியதை அடித்துச் சேமித்தார்.

தளம் முதலாவதாக வந்தது. டொரன்டோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் நன்றி சொல்லி மின்னஞ்சல்கள். மனிதருக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. அக்கா அன்றைக்கு வடை சுட்டார். நானும் சந்தோஷமாகத்தான் தின்றேன். வீட்டுக்கு வந்து, எதற்கும் பார்ப்போமே என்று என் மகளின் பெயரைத் தேடினேன். பவளம்: நவரத்தினங்களில் ஒன்று. அதிர்ஷ்ட நிறம் சிவப்பு. இப்பெயருடையவர்கள் எடுத்த காரியத்தை முடிப்பார்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உடனே கூப்பிட்டேன். "எம்பொண்ணுக்கு அதிர்ஷ்ட நிறத்துக்காகவா அண்ணா பேரு வச்சேன்? தந்தியாபீஸ் பவளம் எங்க போனாங்க?"

"ஓம் பிள்ளை, விளங்குது, விளங்குது. திருப்பிப் போடுறன்" என்றார்.

திருப்பிப் போடவில்லை. நானும் வேலை, பிள்ளை, காய்ச்சல் என்று அதை விட்டுவிட்டேன். பவளத்தின் வரிகள் எனக்கு மனப்பாடம் என்பதால் போனது போனதாகத் தோன்றவில்லை.

அப்புறம்தான் பொன் நகரத்திலிருந்து ஒரு பெண் அவரைக் கூப்பிட்டாள். அங்கே ஒரு மருத்துவமனையில் தாதியாவதற்கு அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்துகொண்டிருந்தவள். அவளுடைய அம்மா இறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு, இறந்தவரைப் பற்றிச் சிறு புத்தகம் அச்சடித்து வந்தவர்களுக்குக் கொடுப்பது யாழ்ப்பாணத்தார் வழக்கம். கல்வெட்டு என்பார்கள். அதில் அவள் தன் அண்ணனுக்கும் ஒரு பக்கம் ஒதுக்க நினைத்திருந்தாள். பெயர் நிமலன். இவள் பிறப்பதற்கு முன்பே, ஊரில், மண்ணெண்ணெய் வாங்கப் போனவன் திரும்பி வரவில்லை. வீட்டில் அம்மா அவனைப் பற்றி வாயே திறந்ததில்லை. சுவரில் படம் மட்டும் இருந்தது. அம்மா வாய் திறந்தது ஒரே ஒரு தடவை, தொலைபேசியில், இவரிடம். அதுதான் நிமலன் என்ற பக்கமாகத் தளத்தில் இருந்தது.

அவள் அதைப் பள்ளிக்கூட நாட்களில் திறந்திருக்கிறாள். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். நீளமாக இருந்தது, பிறகு வாசிக்கலாம் என்று மூடிவிட்டாள். எப்போது தேடினாலும் முதலாவதாக வருகிற பக்கம்தானே, எங்கே ஓடிப்போகப்போகிறது? அம்மா போனபிறகு தேடினாள். அப்போதும் முதலாவதாகத்தான் வந்தது. நிமலன்: மாசற்றவன். அதிர்ஷ்ட எண் ஐந்து. அமைதியான சுபாவம் உடையவர்கள்.

"பழசு எங்க மாமா?" என்று கேட்டாளாம். "இருக்குப் பிள்ளை, எடுத்து அனுப்புறன்" என்று சொல்லி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். குரலே சரியில்லை.

எனக்குத் தெரிந்த எல்லா இடத்திலும் தேடினேன். தளத்தை வைத்திருந்த நிறுவனத்துக்கு எழுதினேன்; அவ்வளவு பழைய பிரதிகளை அவர்கள் வைத்திருப்பதில்லை. தேடுபொறி தன்னிடம் வைத்திருந்த நகலில் அதிர்ஷ்ட எண் ஐந்துதான் இருந்தது. பழைய இணையப் பக்கங்களைச் சேர்த்துவைக்கிற இடத்தில் இவருடைய முகப்புப் பக்கம் மட்டும் கிடைத்தது. அதில் நிமலன் என்ற பெயர் இருந்தது. தட்டினால் ஒன்றும் திறக்கவில்லை. அவருடைய கணினியைத் துருவினேன். பவளமும் இல்லை, நிமலனும் இல்லை, ஒருவரும் இல்லை. பாவி மனுஷன், ஒரே ஒரு பக்கத்தையாவது வைத்திருக்கக் கூடாதா?

"நினைச்சு எழுதிப் பாருங்கோ" என்றார் அக்கா.

அவர் எழுதினார். ஆனால் அதற்குள் நூற்றுக்கணக்கான பெயர்களுக்கு அமைதியான சுபாவமும் எடுத்த காரியமும் எழுதிப் பழகிய கை அது. சொன்னவர்களும் எத்தனையோ பேர், யார் எதைச் சொன்னார்கள் என்பது ஒன்றோடொன்று குழம்பிப்போயிருந்தது. ஒரு பக்கம் வந்தது. படிக்க அழகாகத்தான் இருந்தது. நிமலன் எல்லாரிடமும் அன்பாக இருப்பான், படிப்பில் கெட்டிக்காரன், சைக்கிளில் வேகமாகப் போவான், அம்மாவுக்கு உதவியாக இருப்பான். எந்த ஊரில் எந்தப் பிள்ளைக்கும் எழுதலாம். அக்கா படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் ரயிலேறி வந்தாள். நானும் போயிருந்தேன். கறுப்புக் கோட்டைக் கழற்றாமலேயே நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். அச்சடிக்கிறவர் மறுநாளைக்குள் எல்லாம் வேண்டும் என்கிறார் என்றாள். அவர் அந்தத் தாளை நீட்டினார். அவள் வாய்விட்டு, விரலை வைத்து, எழுத்துக் கூட்டி வாசித்தாள். வாசிக்க வெகுநேரம் பிடித்தது. நாங்கள் மூன்று பேரும் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். சைக்கிள் வந்த இடத்தில் அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. அதைப் பார்க்க முடியாமல் நான் ஜன்னலைப் பார்த்தேன்.

வாசித்து முடித்து நிமிர்ந்தாள். "இது அம்மா சொன்னதோ மாமா?"

ஓம் என்று சொன்னால் போதும். அவள் அதைத்தான் வேண்டி வந்திருந்தாள். அந்தத் தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரயிலேறியிருப்பாள், அம்மாவின் கல்வெட்டில் அது ஏறியிருக்கும், உலகத்தில் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. அவர் தலை அசையத் தொடங்கியதை நான் பார்த்தேன். பார்த்தேன் என்று சத்தியமே செய்வேன். பிறகு அது நின்றது.

"இல்லைப் பிள்ளை" என்றார். "அம்மா சொன்னதை நான் அழிச்சுப்போட்டன். இது நான் இப்ப எழுதினது."

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். படவில்லை. தாளை மேசையில் வைத்தாள். மடித்துக்கூட வைக்கவில்லை. அக்கா எழுந்து போய் அவள் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"சொல்லேக்க அம்மா அழுதவவோ?" என்று கேட்டாள்.

"இல்லையம்மா" என்றார் அக்கா. "நான் சமைச்சுக்கொண்டு குசினிக்குள்ள நிண்டனான். காதில மாட்டினதையும் மீறி எனக்கே கேட்டது. ஒரு இடத்தில விழுந்து விழுந்து சிரிச்சவா. இவரும் சேர்ந்து சிரிச்சவர்."

அந்தப் பெண் அவர் பக்கம் திரும்பினாள். எனக்கு நினைவு தெரிந்து யாரும் யாரையும் அப்படி ஆசையாகப் பார்த்து நான் கண்டதில்லை.

"அம்மா சிரிச்சவவோ? அண்ணா அப்பிடி என்ன செய்தவர் மாமா?"

அவர் வாயைத் திறந்தார். சிரித்தது அவருக்கு ஞாபகம் இருந்தது, அது முகத்திலேயே தெரிந்தது. எதற்கு என்பதுதான் வரவில்லை. கடைசியில் இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு, "ஏலாமல் கிடக்குப் பிள்ளை" என்றார்.

கல்வெட்டு எனக்கும் ஒன்று தபாலில் வந்தது. நடுவில் நிமலனுக்கு ஒரு முழுப்பக்கம் விட்டிருந்தாள். மேலே படம், படத்துக்குக் கீழே பெயர். மீதிப் பக்கத்தில் ஒன்றும் அச்சிட்டிருக்கவில்லை.